மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் ஆகலாமா?

கேள்வி: என் ஊர் மங்களூர். நர்ஸ் என்றதும் எல்லாரும் கர்நாடகத்து மங்களூரா என்று கேட்கிறார்கள். நான் சொல்வது கடலூர் மாவட்டம், திட்டக்குடி பக்கத்து மங்களூர். அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டை அச்சு போடும் வேலை பார்க்கிறார். நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் இரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 25. என் பெரியம்மா மகள் அமெரிக்காவில் நர்ஸ். அங்கே மயக்க மருந்தை நர்ஸ்களே கொடுக்கிறார்கள், டாக்டர் மாதிரி சம்பளம் வாங்குகிறார்கள் என்கிறாள். இங்கே ஒரு நிறுவனம் 'நர்ஸ் அனஸ்தடிஸ்ட்' என்று ஒரு வருட கோர்ஸ் நடத்துகிறது, கட்டணம் ஒன்றே முக்கால் லட்சம். சேரட்டுமா? அமெரிக்காவில் அந்தப் படிப்பில் சேர என்ன செய்ய வேண்டும்? சேர்ந்த பிறகு படிப்பு எப்படி இருக்கும்? வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
— பெயர் வேண்டாம், மங்களூர்

பதில்: முதலில் அந்த ஒன்றே முக்கால் லட்சம். கட்டாதீர்கள், மகளே. கட்டிவிட்டுக் கடிதம் எழுதுகிறவர்களே அதிகம். நீங்கள் முன்னாலேயே கேட்டதில் எனக்கு சந்தோஷம்.

மயக்க மருந்தைத் தன் பொறுப்பில் கொடுக்கும் அதிகாரம் இந்தியாவில் நர்சுக்குக் கிடையாது. அது மயக்கவியல் படித்த டாக்டரின் வேலை. மயக்க டாக்டர்கள் போதாத இடங்களில்கூட அரசு என்ன செய்தது? பிரசவ அவசரங்களுக்காக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து நிறுத்தியது. நர்சிடம் கொடுக்கவில்லை. அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் நிலைமை இதுதான். ஆகவே எந்த நிறுவனம் எந்தப் பெயரில் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தாலும், அதை வைத்து இங்கே மயக்க ஊசி போட முடியாது. அமெரிக்காவிலும் அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி என்று ஒரு பி.எஸ்சி. இருக்கிறது. நல்ல படிப்புதான். பிளஸ் டூ முடித்த தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு யோசிக்கலாம். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர் சட்டத்துக்குப் பிறகு அந்தத் துறைக்கு ஓர் அந்தஸ்தும் வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் மயக்க டாக்டருக்கு உதவும் டெக்னாலஜிஸ்டுகள். கையில் நர்சிங் பட்டத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அதில் போய்ச் சேர்ந்தால், இருக்கிற கதவை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள். அமெரிக்கப் படிப்புக்கு அடிப்படையே நர்ஸ் பதிவுதான்.

அமெரிக்காவில் எப்படி மயக்கம் கொடுக்கும் வேலை நர்ஸ் கையில் போனது என்று தெரிந்துகொள்வது, பின்னால் இன்டர்வியூவிலும் உங்களுக்கு உதவும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க சர்ஜன்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஈதர் கொடுக்க நிறுத்தப்பட்ட இளம் டாக்டர், நோயாளியைப் பார்க்காமல் கத்தி போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சர்ஜரி கற்க வந்தவர் அல்லவா? நோயாளிகள் செத்தார்கள். கண்ணை எடுக்காமல் மூச்சையும் நாடியையும் கவனிக்கும் ஆள் வேண்டும் என்று கன்னியாஸ்திரி நர்ஸ்களிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். மேயோ மருத்துவமனையில் ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், 14,000 பேருக்கு மயக்கம் கொடுத்தும் மயக்கத்தால் ஒரு சாவுகூட இல்லை என்று 1906-இல் கணக்கு எழுதி வெளியிட்டார். 1909-இல் ஆரெகன் மாநிலம் போர்ட்லாந்தில் முதல் பள்ளி வந்தது. டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். 1936-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், சர்ஜனின் மேற்பார்வையில் நர்ஸ் மயக்கம் கொடுப்பது சட்டவிரோத மருத்துவத் தொழில் ஆகாது என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் ஆரம்பம் முதலே இது டாக்டர் வேலை. விக்டோரியா ராணிக்கு 1853-இல் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவர் டாக்டர் ஜான் ஸ்னோ. நம் மருத்துவமனைகள் அந்த வழியில் வளர்ந்தவை. இங்கே நமக்குக் கதவு சாத்தியிருப்பது திறமைக் குறைவால் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

இப்போது அமெரிக்கப் படிப்பு. 2022 ஜனவரியிலிருந்து அங்கே சேருகிற எவரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும். குறைந்தது 36 மாதம். சேர வேண்டுமானால் நர்சிங் பட்டம், அமெரிக்க நர்ஸ் உரிமம், தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவம் வேண்டும். ஓராண்டு என்பது விதி; நடைமுறையில் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்களோடுதான் போட்டி. உங்களுக்குக் கசப்பான செய்தி ஒன்று: அந்த அனுபவம் அமெரிக்க மண்ணில், அதன் ஆட்சிப் பகுதிகளில், அல்லது அதன் ராணுவ மருத்துவமனைகளில் பெற்றதாக இருக்க வேண்டும். திருச்சி ஐ.சி.யூ. வருடங்கள் அந்தக் கணக்கில் சேராது.

அதனால் அவை வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே போனதும் உங்களை ஐ.சி.யூ.வில் எடுப்பதா, சாதாரண வார்டில் போடுவதா என்பதை இந்த வருடங்கள்தான் தீர்மானிக்கும். வார்டில் விழுந்தால் அங்கிருந்து ஐ.சி.யூ.வுக்கு மாறவே ஒரு வருடம் போய்விடும். இங்கே இருக்கும்போதே வென்டிலேட்டர் நோயாளி, நார்-அட்ரினலின் ஓடுகிற நோயாளி, ஆர்ட்டீரியல் லைன் போட்ட நோயாளி என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். ட்யூட்டி டாக்டர் செட்டிங் மாற்றும்போது ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். சிலர் எரிந்து விழுவார்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். ஏ.பி.ஜி. ரிப்போர்ட்டை டாக்டர் வருவதற்குள் நீங்களே படித்து மனசுக்குள் ஒரு முடிவு சொல்லிப் பழகுங்கள். அங்கே தேர்வுக் குழு தேடுவது இந்தப் பழக்கத்தைத்தான்: தானாக முடிவெடுக்கத் தெரிந்த நர்ஸ். சொன்ன மருந்தைச் சொன்ன நேரத்தில் கொடுத்தேன் என்பவர்கள் இன்டர்வியூவில் பத்து நிமிடம் தாங்க மாட்டார்கள். செப்டிக் ஷாக்கில் பி.பி. ஏறவில்லை, முதல் மருந்து இது, அடுத்து எது, ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதில்தான் பாதிப்பேர் கவிழ்வது.

உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். 85-இலிருந்து 150 கேள்வி வரை வரும், ஐந்து மணி நேரம். உங்கள் பாடங்களையும் மணிக்கணக்கையும் அங்கே உள்ள மதிப்பீட்டு அமைப்பு சரிபார்க்கும். அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலிலிருந்தும் ஆவணங்கள் நேராகப் போக வேண்டும். பரீட்சையைவிட இதில்தான் ஆட்கள் சோர்ந்துபோகிறார்கள். உங்கள் மார்க் விழுக்காட்டை அவர்கள் கிரேடு புள்ளியாக மாற்றுவார்கள். 4-க்கு 3 என்பது பெரும்பாலான பள்ளிகளின் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. வேதியியல், உடலியங்கியலில் மார்க் குறைவு என்றால் அங்கே போனபின் கம்யூனிட்டி காலேஜில் அந்தப் பாடங்களைத் திரும்பப் படித்து ஈடுகட்டலாம், பலர் செய்திருக்கிறார்கள். ஐ.சி.யூ.வில் இருந்தபடியே சி.சி.ஆர்.என். என்ற தீவிர சிகிச்சை நர்ஸ் சான்றிதழ் வாங்கிவிட்டால் விண்ணப்பம் கனக்கும். ஒரு மயக்க நர்ஸின் பின்னால் ஒருநாளாவது நின்று பார்த்தீர்களா என்றும் கேட்பார்கள்.

இனி, ஏஜென்டுகள் சொல்லாத விஷயம். இந்தியாவில் பிறந்த நர்ஸ்களுக்கு, வேலை வழியாக வரும் கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ் உங்களோடு ஒரே நாளில் மனு போட்டாலும் உங்களுக்குப் பல வருடம் முன்னால் போய் இறங்கியிருப்பார். எச்1பி விசா சாதாரண வார்டு நர்சுக்குப் பொதுவாகக் கிடைக்காது; போதாததற்கு 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போடும் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வேறு அறிவித்தார்கள். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள்: 27-இல் மனு, நாற்பதை ஒட்டி அமெரிக்கா, இரண்டு வருடம் ஐ.சி.யூ., மூன்று வருடம் படிப்பு. நாற்பத்தைந்தில் மயக்க நர்ஸ். அந்த வயதில் படிக்கிறவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் பெரியம்மா மகள் போன காலமும் இதுவும் ஒன்றில்லை என்பதை அவளிடமே கேளுங்கள்.

மாப்பிள்ளை விஷயத்தை நீங்கள் வெட்கப்பட்டுக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். அது இந்தக் கணக்கில் முக்கியமான வரி. கணவர் வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால் அவர் பிறந்த நாட்டின் வரிசையில் நீங்களும் நிற்கலாம் என்று அமெரிக்க விதி இருக்கிறது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்த தமிழ்ப் பையன் என்றால் பத்து வருடம் மிச்சம். இதற்காக ஒருவரைக் கட்டிக்கொள்ளச் சொல்லவில்லை! வருகிற வரன் எதுவானாலும், மூன்று வருடம் உங்களால் சம்பாதிக்க முடியாது, பெரும்பாலும் வீட்டில் இருக்க முடியாது என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏனென்றால் படிப்பு அப்படி. சில பள்ளிகளில் முதல் வருடம் முழுக்க வகுப்பு, பிறகு தியேட்டர். சில பள்ளிகளில் இரண்டும் கலந்து. மருந்தியல், உடலியங்கியல் போதாதென்று இயற்பியலும் வரும். பாயில் விதியைப் பிளஸ் டூவோடு தலைமுழுகியவர்கள் ஆக்சிஜன் சிலிண்டரில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று போடும்போது அதைத் தேடி எடுக்க வேண்டும். தியேட்டர் நாளில் விடியும் முன்பே போய் மயக்க மெஷினைச் சோதித்து, மருந்துகளை எடுத்து லேபிள் ஒட்டி, ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன திட்டம் என்று மேற்பார்வையாளரிடம் ஒப்பிக்க வேண்டும். மூன்று வருடத்தில் குறைந்தது 600 கேஸ், 2,000 மணி நேரம் தியேட்டர் அனுபவம். வகுப்பும் தியேட்டரும் சேர்த்து வாரத்துக்கு 64 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். விதி வைக்க வேண்டியிருக்கிறது என்பதிலேயே உங்களுக்கு விஷயம் புரியும். ஐ.சி.யூ.வில் ராணி மாதிரி இருந்தவர்கள் முதல் மாதம் லாரிங்கோஸ்கோப்பைப் பிடிக்கத் தெரியாமல் நிற்பார்கள். மறுபடி கத்துக்குட்டி ஆவது நல்ல நர்சுக்குத்தான் அதிகம் வலிக்கும். முடிவில் தேசியத் தேர்வு ஒன்று. அதைத் தாண்டினால் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் என்பது உண்மைதான். படிப்புச் செலவும் லட்சம் டாலரைத் தாண்டும் என்பதும் உண்மை. அமெரிக்க அரசுக் கல்விக் கடன் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். அப்பாவின் பெயரில் இங்கே கடன் வாங்கி மாணவர் விசாவில் போகலாம் என்று ஏஜென்ட் ஆசை காட்டுவான், அதற்கு என் ஓட்டு இல்லை.

அமெரிக்கா ஒன்றுதானா என்றால், இல்லை. ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கில் மயக்க நர்ஸ்கள் உண்டு. ஸ்வீடனில் நர்ஸ் உரிமம் பெற்றபின் ஓராண்டு சிறப்புப் படிப்பு. தடை அந்த ஊர் மொழிதான். ஜெர்மனியில் மயக்கம் டாக்டர் கையில், ஆனால் மயக்கம்–தீவிர சிகிச்சை நர்சுக்கு இரண்டாண்டு சிறப்புப் பயிற்சி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறது. ஏஜென்ட் கடைக்குப் போகும் முன் அங்கே போய் விசாரியுங்கள். ஊரிலேயே இருக்கத் தோன்றினால், இந்திய நர்சிங் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு: இரண்டாண்டு, மருத்துவமனையிலேயே இருந்து படிப்பது. உங்கள் ஐ.சி.யூ. அனுபவம் அதற்குக் கைகொடுக்கும். மயக்க மருந்து கொடுக்க முடியாது, ஆனால் வென்டிலேட்டரையும் மருந்தையும் ஆழமாகப் புரிந்துகொள்ளும் நர்ஸ் ஆகலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் திருச்சி வேலையை விடாமல் இந்த வருடமே என்கிளெக்ஸ் முடித்து, நர்சிடம் பணம் வாங்காத ஒரு மருத்துவமனை வழியாக அமெரிக்க மனுவைப் போட்டுவிடுவேன். மனு போட்ட தேதிதான் வரிசையில் உங்கள் இடம். அது பாட்டுக்கு நகரட்டும். அந்த வருடங்களில் வளைகுடாவிலோ அயர்லாந்திலோ பிரிட்டனிலோ பெரிய ஐ.சி.யூ. ஒன்றில் வேலை பார்ப்பேன்; வரிசையில் இருப்பவர் வேறு நாட்டில் வேலை பார்க்கக் கூடாது என்று எதுவும் இல்லை. தேதி வரும்போது போகப் பிடிக்காவிட்டால் போக வேண்டாம், இழப்பு தேர்வுக்கும் ஆவணங்களுக்கும் செலவழித்தது மட்டும்.

திங்கட்கிழமை லீவு கிடைத்தால் கல்லூரிக்குப் போய் நான்கு வருட மார்க் பட்டியல், பாடவாரியான தியரி மணி, கிளினிக்கல் மணி எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மனநல நர்சிங் மணிக்கணக்கு தனியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அதைச் சேர்த்து எழுதிவிடுகிற கல்லூரிகள் உண்டு, அமெரிக்காவில் அங்கேதான் கோப்பு திரும்பி வரும்.