மணல் வளவில் மரக்கறித் தோட்டம்

மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு, கற்பிட்டி முதலிய கரையோரப் பகுதிகளில் வீட்டு வளவுகள் பல மணற்றரையாக உள்ளன. அவற்றில் தென்னையும் முருங்கையும் அன்றி வேறொன்றும் பயன் தராது எனப் பலர் கருதுவர். 2022 ஆம் ஆண்டில் உணவுப் பொருள்களின் விலை பெரிதும் உயர்ந்தபோது, வெறுமையாய்க் கிடந்த வளவின் அருமை பலருக்கும் புலனாயிற்று.

மணலின் பெருங்குறைகள் இரண்டு: அது நீரைத் தாங்காது, ஊட்டத்தையும் தாங்காது. இவ்விரண்டையும் உக்கிய சேதனப் பொருள் திருத்தும். ஆதலின், பயிருக்கு உணவூட்டுமுன் மண்ணுக்கு உணவூட்டல் வேண்டும்.

பசளையும் கிணறும்

மணலில் அளவுமீறி இடப்படும் யூரியா வேரில் தங்குவதில்லை. அது நைத்திரேற்றாக மாறி, நீருடன் கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கற்பிட்டியிலும் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளாற் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது. கொதிக்க வைப்பதாலும் அத்தீங்கு நீங்காது. எருக்குழியையும் குடிநீர்க் கிணற்றுக்குத் தூரத்திலேயே அமைத்தல் வேண்டும்.

பாத்தி அமைத்தல்

முதலாண்டில் ஒரு பாத்தியே போதும். நல்ல வெயில் படுமிடத்தில் 10 அடி நீளமும் 3 அடி அகலமும் அளந்து, மேன்மண்ணை ஒருபுறம் ஒதுக்கி, ஒன்றரை அடி ஆழத்துக்கு அகழ்தல் வேண்டும். மழையில் நன்கு நனைந்து சாயம் கழிந்த பொச்சுமட்டைகளை, உட்புறம் மேல்நோக்கி இருக்குமாறு அடியில் அடுக்குக. இவை நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அவற்றின்மேல் பூவரசு, கிளிறிசிடியா இலைகளை அரையடி உயரத்துக்கு இட்டு மிதித்து, நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு நான்கு கூடையை மேன்மண்ணுடன் கலந்து மூடுக. புதுச் சாணம் இளநாற்றைக் கருக்கும்.

இலைகள் உக்குவதற்கு ஒரு மாதமேனும் செல்லும். ஆவணியில் இவ்வேலையைத் தொடங்கினால், ஐப்பசி மழைக்குப் பாத்தி ஆயத்தமாயிருக்கும். மாரியில் பாத்தி தரையினும் சற்று உயர்ந்திருத்தல் வேண்டும். கோடையில் சற்றுத் தாழ்ந்திருத்தல் நன்று.

பயிரும் நீரும்

முதற்பயிராகப் பயற்றை ஏற்றது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உதவும். காய் ஓய்ந்தபின் செடியைப் பிடுங்காது, அடியில் வெட்டி வேரை மண்ணிலேயே விடுக. அடுத்து வெண்டியையும், மண் திருந்தியபின் கத்தரியையும் நடலாம்.

ஒரே முறையில் மிகுதியாக ஊற்றும் நீர் மணலில் வீணாகும். காலையும் மாலையும் சிறிதளவாக ஊற்றி, செடியின் அடியை வைக்கோலால் அல்லது நறுக்கிய காவோலையால் மூடி வைத்தல் வேண்டும்.

வெப்பமான மணலில் எரு விரைவாக உக்கி அழியும். எனவே போகந்தோறும் இரண்டு கூடை எருவேனும் சேர்த்தல் இன்றியமையாதது. எரு இடாது விடப்பட்ட பாத்தி சில ஆண்டுகளில் மீண்டும் வெறும் மணலாகிவிடும்.