ஓடாத விளையாட்டும் ஒரு பாடமே

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். வெளியில் பார்த்த விளையாட்டுகளை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கும் கேட்பார்கள். பல விளையாட்டுகள் ஓடாது. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "இது மட்டமான கம்ப்யூட்டர் சார்."

இந்தத் தீர்ப்புதான் எனக்குக் கவலை தந்தது. தன் பள்ளிக்குக் கிடைத்தது மட்டமானது என்று நம்பிவிட்ட பிள்ளை, அதைக் கற்கும் ஆர்வத்தையும் இழந்துவிடும். எனவே 'ஏன் ஓடவில்லை?' என்ற கேள்வியையே ஒரு பாடவேளைக்கு எடுத்துக்கொண்டேன்.

செயல்பாடு 1: நடுவில் நிற்பவர்

எங்கள் ஊர் மாநில எல்லையை ஒட்டியது. வகுப்பில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் உண்டு. ஒரு மாணவி 'விளையாட்டு'. தெலுங்கில் மட்டும் கேட்பாள். ஒரு மாணவன் 'லினக்ஸ்'. தமிழில் சொன்னால்தான் செய்வான். அவள் கேட்கக் கேட்க அவன் விழித்தான், வகுப்பே சிரித்தது. இரு மொழியும் தெரிந்த ஒருத்தியை நடுவில் நிறுத்தியதும் வேலை நடந்தது.

பிறகு விளக்கினேன். கோப்பைத் திற, ஒலி எழுப்பு, படம் வரை என்று எந்த மென்பொருளும் இயங்குதளத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு விண்டோஸ் முறையில் கேட்கும். அதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருவது 1993-இல் தொடங்கப்பட்ட 'வைன்'. அதன் மீது கட்டப்பட்ட 'புரோட்டான்' மென்பொருளை வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. விண்டோஸின் 'டைரக்ட்3டி' வரைகலைக் கட்டளைகளை இது 'வல்கன்' என்ற பொதுக் கட்டளைகளாக மாற்றுகிறது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கருவி லினக்ஸில் இயங்குவது. ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் அதில் ஓடுகின்றன. ஆனால் வல்கன் வசதி இல்லாத பழைய கணினியில் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

செயல்பாடு 2: காவலர்

இப்போது 'விளையாட்டு' அருகே ஒரு காவலரை நிறுத்தினேன். மோசடியைத் தடுப்பது அவர் வேலை. நடுவில் நிற்பவளைக் கண்டதும், "நீ யார்?" என்று தடுத்துவிட்டார். இணையப் போட்டி விளையாட்டுகளில் நடப்பது இதுதான். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய காவல் மென்பொருள்கள் புரோட்டானை ஏற்க 2021-இல் வழி பிறந்தது. ஆனால் விளையாட்டைத் தயாரித்தவர் அனுமதித்தால்தான் கதவு திறக்கும். வாலரன்ட் விளையாட்டின் 'வான்கார்டு' விண்டோஸின் உட்கரு வரை சென்று காவல் காப்பது. அதனால் அந்த விளையாட்டு லினக்ஸில் ஓடுவதில்லை.

செயல்பாடு 3: கைதட்டல்

மெய்நிகர் கண்ணாடியை, அதாவது வி.ஆர். ஹெட்செட்டை, விளக்கக் கைதட்டினேன். ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையில் செய்தி மூவரையும் கடக்க வேண்டும். வேகம் கூடியதும் தடுமாறினார்கள். கண்ணாடி நொடிக்கு 90 படம் காட்டினால், ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 11 மில்லி நொடி. தலை திரும்பிய பிறகு காட்சி தாமதமாகத் திரும்பினால் தலைசுற்றும். மேசைத் திரையில் பொறுத்துக்கொள்ளும் தாமதத்தை இங்கே உடல் பொறுப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது: கணினியோடு இணைத்த கண்ணாடியை லினக்ஸ் மற்றொரு திரையாகவே எண்ணியது. அதை வி.ஆர். மென்பொருளிடம் நேரடியாக ஒப்படைக்கும் வசதி, 2018-இல் வந்த லினக்ஸ் 4.15 பதிப்பில் சேர்ந்தது. கண்ணாடிக்குக் கண்ணாடி வேறுபட்ட கட்டளைமுறைகளை ஒன்றாக்க 2019-இல் 'ஓப்பன்எக்ஸ்ஆர்' தரநிலை வந்தது. 'மொனாடோ' என்ற கட்டற்ற மென்பொருள் அதை லினக்ஸில் செயல்படுத்துகிறது.

பிள்ளைகளை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. மெட்டா குவெஸ்ட் கண்ணாடியைக் கணினியோடு இணைக்கும் அந்நிறுவனத்தின் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே. ஆனால் கண்ணாடிக்குள் இருப்பது ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம். ஆண்ட்ராய்டின் உட்கரு லினக்ஸ்!

"அப்போ லினக்ஸால முடியாதுன்னு இல்ல, அதுக்கு யாரும் எழுதித் தரலன்னுதானே சார் அர்த்தம்?" என்றாள் ஒரு மாணவி. அந்தப் பாடவேளையின் கற்றல் விளைவை அவளே சொல்லிவிட்டாள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முன்னாள் மாணவர்களோ நன்கொடையாளரோ பள்ளிக்குக் கண்ணாடி வாங்கித் தர முன்வந்தால், பணம் செலவாகும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. கணினி இல்லாமல் தனியே இயங்குமா?
2. கணினி தேவையென்றால், நம் ஆய்வக இயங்குதளம் அதன் பட்டியலில் உள்ளதா?
3. நம் கணினியின் வரைகலைத் திறன் போதுமா?
4. தயாரிப்பாளர் குறிப்பிடும் வயது வரம்புக்குள் நம் பிள்ளைகள் வருகிறார்களா?

இவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கினால் கண்ணாடி பீரோவில்தான் இருக்கும்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தொடக்க வகுப்புகளுக்கு ஜிகாம்பிரி, டக்ஸ் பெயின்ட். உயர்வகுப்பு வானியலுக்கு ஸ்டெல்லேரியம். மூன்றும் இலவசம்; லினக்ஸிலேயே நேரடியாக இயங்குபவை.

அடுத்த வகுப்பில், ஓடாத ஒரு மென்பொருளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, தடை மொழியிலா, காவலிலா, வேகத்திலா, கருவியிலா என்று எழுதச் சொல்லுங்கள். 'மட்டம்' என்ற சொல்லுக்குப் பதில் காரணம் வரத் தொடங்கும்.