நின்றுவிட்ட டர்பைன் ஓய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்
நீர்மின் நிலையத்தில் பயிற்சி மெக்கானிக்காகச் சேர்பவர்களுக்கு

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு நீர்மின் நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "எதையெல்லாம் படித்துவிட்டுப் போகணும்?" படிப்பைப் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம். பவர் ஹவுஸுக்குள் கால் வைக்கும் அன்றே ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: "இந்த இடத்தில் எந்த சக்தி, எங்கே தேங்கி நிற்கிறது?" இதற்குப் பதில் சொல்லத் தெரியும்வரை ஸ்பேனரை எடுக்காதீர்கள். முதல் ஆண்டில் கற்க வேண்டியவை எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே இருக்கின்றன.

ஓடாத மெஷினுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் தண்ணீர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காராவில் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேலிருந்து இறங்குகிறது. அங்கே தண்ணீரை இறக்கும் பென்ஸ்டாக் குழாயின் அடிவாரத்தில் 90 கிலோவுக்கு மேல் அழுத்தம். அந்த அழுத்தத்தில் ஃபிளாஞ்சில் ஊசிமுனை அளவு கசிந்தாலும் அந்தத் தாரை தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது.

தாழ்வான அணைதானே என்றும் அலட்சியம் வேண்டாம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மேன்ஹோல் கதவின் பின்னால் ஐந்து கிலோ அழுத்தம் நின்றால், அந்தக் கதவைத் தள்ளும் விசை 14 டன். அதனால்தான் மேன்ஹோல் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் பக்கத்திலுள்ள டெஸ்ட் காக்கைத் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் வராவிட்டாலும் உடனே நம்பிவிடாதீர்கள், துவாரம் சேறடைத்துக் கிடக்கலாம். கம்பியை விட்டுக் குத்திப் பார்த்த பிறகே போல்ட்டுக்குப் போங்கள்.

அடுத்தது எண்ணெய். கவர்னரின் பிரஷர் டேங்கில் அழுத்தம் ஏறிய எண்ணெய், மெஷின் நின்ற பிறகும் அப்படியே இருக்கும். டர்பைனுக்குத் தண்ணீர் விடும் கைடு வேன்களை, சர்வோமோட்டார் வழியாக மூடுவதும் திறப்பதும் அதுதான். இரண்டு வேன்களுக்கு நடுவே கையை விட்டு இடைவெளி அளக்கும்போது சர்வோமோட்டார் அசைந்தால் கை மிஞ்சாது. சர்வோமோட்டாருக்கு லாக் போட்டிருக்க வேண்டும், எண்ணெய் அழுத்தமும் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று இருந்தால் போதும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

மூன்றாவது எடை. பட்டர்ஃபிளை வால்வு பலவற்றில் மூடும் வேலையைச் செய்வது பெரிய எதிர்எடைதான். தாங்கல் நகர்ந்தால் அது விழும். அதன் பாதையில் நிற்காதீர்கள். கிரேனில் தொங்கும் பொருளின் அடியிலும் நிற்காதீர்கள். நான்காவது மின்சாரம். நிலையம் முழுக்க நின்றாலும் பேட்டரியிலிருந்து வரும் டி.சி. மின்சாரம் கன்ட்ரோல் சர்க்யூட்டில் உயிரோடு இருக்கும். ஐந்தாவது சுழற்சி. நின்ற ரோட்டர்கூட கைடு வேன் கசிவினால் மெல்ல நகரத் தொடங்கும். பிரேக் போடாத ஷாஃப்ட்டை நின்ற ஷாஃப்டாக எண்ணக் கூடாது.

வாயால் சொன்ன பெர்மிட் பெர்மிட் அல்ல

மெஷினில் வேலை தொடங்க எழுத்தில் வாங்கும் அனுமதிதான் பெர்மிட். பயிற்சி பெறுபவருக்கு அதை எடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் பெர்மிட் எடுக்கும் ஃபோர்மேனுக்குப் பின்னால் நடக்க உங்களுக்குத் தடையில்லை. மெயின் இன்லெட் வால்வு மூடியிருக்கிறதா? அதன் பைபாஸும் மூடியிருக்கிறதா? டிராஃப்ட் டியூப் கேட் இறங்கியிருக்கிறதா? பூட்டு எங்கே, சாவி யாரிடம், எச்சரிக்கை அட்டையில் யார் கையெழுத்து? ஒவ்வோர் இடத்துக்கும் அவருடன் போய்க் கண்ணால் பாருங்கள். கன்ட்ரோல் ரூமில் விளக்கு பச்சையாக எரிவதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது, வால்வின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஷிஃப்ட் மாறினால் முதலிலிருந்து பாருங்கள்.

வெளியேறும் வழியும் இதில் அடங்கும். 2020 ஆகஸ்ட் 20 இரவு தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி மின் நிலையத்தில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். நம் காடம்பாறையும் மலைக்குள் குடைந்த நிலையம்தான். இத்தகைய இடத்தில் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே எல்லா அவசர வழிகளிலும் ஒருமுறையாவது நடந்து வெளியே வந்து பாருங்கள். கையில் டார்ச் எப்போதும் இருக்கட்டும். ஜெனரேட்டர் அறையில் தீயை அணைக்கக் கார்பன் டை ஆக்சைடு வாயு பாய்ச்சும் அமைப்பு இருந்தால், அதன் மணி ஒலித்ததும் எதையும் எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள். அந்த வாயு தீயோடு சேர்த்து மனிதரின் மூச்சையும் நிறுத்திவிடும்.

நலமாக ஓடும்போதே பழகிக்கொள்ளுங்கள்

பிள்ளைக்குச் சுரம் என்பது தொட்டதும் வீட்டாருக்குத் தெரிவதுபோல, மெஷினுக்குச் சரியில்லை என்பது அதோடு தினமும் பழகியவருக்கே முதலில் தெரியும். மணிக்கொருமுறை லாக் ஷீட் எழுதச் சொன்னால் அதை எடுபிடி வேலையாக நினைக்காதீர்கள். பேரிங் வெப்பம், எண்ணெய் மட்டம், குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம், ஷாஃப்ட் சீல் கசிவு, சம்ப் பம்ப் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்பதையெல்லாம் ஒரு சொந்த நோட்டிலும் குறித்துவையுங்கள்.

ஒரு கைடு பேரிங் தினமும் 52 டிகிரியில் ஓடுகிறது என்று வையுங்கள். அதே லோடு, அதே தண்ணீர், இன்று 56. அலாரம் அடிக்க இன்னும் பல டிகிரி இருக்கும். ஆனாலும் அந்த நான்கு டிகிரிக்கு ஒரு காரணம் இருந்தே தீரும். ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், கூலர் குழாயில் படிவு ஏறியிருக்கலாம். உடனே சீனியரிடம் சொல்லுங்கள்.

பேரிங் தொட்டியில் எண்ணெய் மட்டம் குறைந்தால் எல்லோரும் பதறுவார்கள். கூடினால் பலர் கண்டுகொள்வதில்லை. ஊற்றாத எண்ணெய் எப்படிக் கூடும்? கூலர் குழாய் ஓட்டையாகித் தண்ணீர் உள்ளே வந்திருக்கலாம். சாம்பிள் எடுத்துப் பாருங்கள், தண்ணீர் கலந்திருந்தால் பால்போல் வெளுத்திருக்கும். அந்த எண்ணெயில் ஓடினால் பேரிங்கின் ஒயிட் மெட்டல் நாசமாகும்.

விரிசலைக் கண்டுபிடிக்கும் பொறுமை

உயரம் அதிகமுள்ள நிலையங்களில் இருப்பது பெல்டன் டர்பைன். நிமிடத்துக்கு 500 சுற்று ஓடும் ரன்னரின் மேல் இரண்டு ஜெட் அடித்தால், ஒவ்வொரு பக்கெட்டும் ஒரு நாளில் 14 லட்சத்து 40 ஆயிரம் அடி வாங்குகிறது. அடி விழும்போது முழுச் சுமை, அடுத்த நொடித்துளியில் சுமையே இல்லை. இப்படி மாறி மாறி வாங்குவதால் பக்கெட்டின் வேர்ப்பகுதியில் மயிரிழை விரிசல் வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

ஓவர்ஹாலில் அதைக் கண்டுபிடிக்க டை பெனட்ரன்ட் சோதனை செய்வார்கள். பக்கெட்டைக் கிளீனரால் துடைத்து உலரவிடுவார்கள். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காத்திருப்பார்கள். மேலே இருக்கும் சாயத்தைத் துணியால் துடைத்தெடுப்பார்கள். கிளீனரை நேரடியாகப் பக்கெட்டில் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப்போகும், அதனால் துணியில் நனைத்தே துடைக்க வேண்டும். பிறகு வெள்ளை டெவலப்பர். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஊறி வரும். அவசரப்பட்டுச் செய்தால் விரிசல் இருந்தும் பக்கெட் சுத்தமாகத் தெரியும். இந்த வேலையில் கூடநின்று, துடைக்கும் துணியையாவது கேட்டு வாங்குங்கள்.

ஒரு நட்டும் சின்ன விஷயமில்லை

ரஷ்யாவின் சயானோ-சுஷென்ஸ்கயா நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று இரண்டாம் யூனிட்டின் டர்பைன் மூடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. வெள்ளம் புகுந்து 75 பேர் மாண்டார்கள். மூடியைப் பிடித்திருந்த ஸ்டட்களில் 49ஐ எடுத்துச் சோதித்தபோது 41இல் களைப்பு விரிசல் இருந்தது. நாள்பட்ட அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாக இரும்பைத் தின்றிருந்தது.

ஸ்டட்டைத் துடைத்துக் கொடு என்று உங்களிடம் சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் மரையையும் விரலால் ஓட்டிப் பாருங்கள். எண்ணிட்டு, கழற்றிய இடத்திலேயே மாட்டுங்கள். முறுக்கும்போது எதிரெதிராக, சுற்றுச் சுற்றாக, டார்க் ரென்ச்சில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். கைப்பழக்கத்தில் "இது போதும்" என்று விடாதீர்கள். உள்ளே கொண்டுபோன கருவிகளை எண்ணிக் கொண்டுபோய், எண்ணியே வெளியே கொண்டுவாருங்கள்.

ஓவர்ஹால் காலத்தைத் தவறவிடாதீர்கள்

பழகுவதற்குச் சிறந்த காலம் மெஷின் பிரித்துக் கிடக்கும் காலம்தான். மேட்டூரில் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12இல் தண்ணீர் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். அங்கே மின் உற்பத்தி அந்தத் திறப்பை ஒட்டியது. ஆகவே தண்ணீர் மூடியிருக்கும் மாதங்கள் பெரிய பராமரிப்புக்கு வாய்ப்பான காலம். உங்கள் நிலையத்தின் காலம் எது என்று விசாரித்து, அப்போது விடுப்பு எடுக்காமல் ஓவர்ஹால் குழுவில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி சேர்ந்தவருக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளும், பணியில் காயம்பட்டால் இழப்பீடும் உண்டு. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனவே செய்த வேலை, பயன்படுத்திய கருவி, எடுத்த அளவு எல்லாவற்றையும் தேதியோடு எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவையுங்கள். வேறு நிலையத்தில் வேலை கேட்கும்போது அந்த நோட்டு சான்றிதழுக்குத் துணை நிற்கும்.

ஆண்டு முடியும்போது ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அணையிலிருந்து டெயில் ரேஸ் வரை தண்ணீர் போகும் வழியையும், கவர்னரிலிருந்து சர்வோமோட்டார் வரை எண்ணெய் போகும் வழியையும் பார்க்காமல் வரையுங்கள். எந்தெந்த இடத்தில் பூட்டினால் உள்ளே இறங்கலாம் என்று குறியுங்கள். ஓர் இடத்தில் கை நின்றால் மறுநாள் சீனியரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போய்க் கேளுங்கள். "இது எனக்குத் தெரியவில்லை, காட்டிவிட்டுச் சொல்லுங்கள், பிறகு இறங்குகிறேன்" என்று சொல்லும் பயிற்சி மெக்கானிக்கை நல்ல ஃபோர்மேன் எவரும் குறைவாக மதிப்பதில்லை. அந்த ஆளைத்தான் அடுத்த வேலைக்குத் தன்னோடு அழைத்துப் போவார்.