தேடலில் முதலில் வருவது

இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த ஒரு நீரிழிவு நோயாளர், ஓயாத வாந்தியுடனும் வயிற்று வலியுடனும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரவுப் பணி செய்பவர். மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் ஓடிக்கொண்டிருந்தது. சில நாள்களுக்கு முன் இன்சுலினை நிறுத்திவிட்டு, கூரியரில் வரவழைத்த ஒரு பொடியை உட்கொள்ளத் தொடங்கியிருந்தார். காரணம் கேட்டபோது அவருடைய மனைவி கைபேசியை நீட்டி, “தேடினோம் சார், இதுதான் முதல்ல வந்துச்சு” என்றார்.

முதலில் வந்தது உண்மைதான். ஆனால் அதன் மேல் ‘ஸ்பான்சர்டு’ என்னும் சிறு சொல் இருந்தது. அந்த இடத்திற்கு விளம்பரதாரர் பணம் கட்டியிருக்கிறார் என்பதே அதன் பொருள். ‘சர்க்கரை நோய் குணமாக’ போன்ற சொற்களை நாம் தட்டச்சு செய்யும்போது, அச்சொற்களுக்காக நடக்கும் ஏலத்தைப் பொறுத்தே விளம்பரங்கள் வரிசை பெறுகின்றன. ஒருமுறை தேடிவிட்டால், அதே விளம்பரங்கள் யூடியூபிலும் முகநூலிலும் பின்தொடரும். பல இடங்களில் கண்டதால் அது உண்மையென்று மனம் நம்பத் தொடங்குகிறது.

‘குணமடைந்தேன்’ என்று காணொளியில் பேசுவோர் அனைவரும் பொய்யர்கள் அல்லர். சிக்கலே அங்குதான் உள்ளது. பொடியுடன் ‘அரிசி, இனிப்பு கூடாது, தினமும் நடக்க வேண்டும்’ என்ற அறிவுரையும் வருகிறது. அதைக் கடைப்பிடித்தால் இரண்டாம் வகை நீரிழிவில் சர்க்கரை குறையவே செய்யும். புகழ் பொடிக்குப் போகிறது. 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், நோய் கண்டறிந்து ஆறு ஆண்டுகளுக்குள், இன்சுலின் தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர், மருத்துவக் கண்காணிப்பில் கடுமையான உணவுத் திட்டத்தால் எடையைக் குறைத்து, ஓராண்டு முடிவில் மாத்திரையின்றி இருந்தனர். அங்கே பொடி எதுவும் இல்லை. சில பொடிகளிலோ, உறையில் குறிப்பிடாமல் நவீன நீரிழிவு மாத்திரைகளையே கலந்திருப்பது பரிசோதனைகளில் வெளிப்பட்டுள்ளது.

முதல் வகை நீரிழிவின் நிலை வேறு. அங்கே கணையம் இன்சுலினைச் சுரப்பதே அரிது. ஊசியை நிறுத்தினால் உடல் சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பை எரிக்கிறது. கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த மூச்சு, மயக்கம், சிகிச்சை தாமதித்தால் மரணம். மேற்சொன்னவருக்கு நேர்ந்ததும் இதுவே. தீவிர சிகிச்சைக்குப் பின் பிழைத்தார்.

நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 54 நோய்நிலைகளுள் நீரிழிவும் ஒன்று. இச்சட்டம் எல்லா மருத்துவ முறைக்கும் பொதுவானது. ஆகவே இதனைச் சித்த மருத்துவத்தின் மீதான குறையாகக் கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் முறையான சித்தப் பிரிவுகள் இயங்குகின்றன. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. இந்திய மருத்துவ சங்கம் 2022-இல் தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இத்தகைய நோய்களுக்கான மருந்து விளம்பரங்களைப் பதஞ்சலி நிறுவனம் வெளியிடத் தடை விதித்தது. ஏப்ரலில் அந்நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்புக் கோரியது. ஆகஸ்டில் அதனை ஏற்று அவமதிப்பு நடவடிக்கையை நீதிமன்றம் முடித்துவைத்தது.

எனவே ‘90 நாளில் முழுக் குணம்’ என்ற வாசகத்தைக் கண்டால், பொடியில் என்ன இருக்கிறதென்று ஆராயும் முன்பே அந்த விளம்பரத்தின் தன்மை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கி உட்கொண்டிருந்தால், எங்களிடம் மறைக்க வேண்டாம், கடிந்துகொள்ள மாட்டோம். பொட்டலத்தை எறிந்துவிடாமல் அப்படியே வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்த்துவிடலாம். இன்சுலினை நிறுத்தியபின் வாந்தியோ மூச்சிரைப்போ தொடங்கியிருந்தால், புறநோயாளர் நேரத்திற்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.