எடையின்மையில் குமிழியை ஆட்டப் போகிறீர்களா? பெட்டியை மூடும் முன் இதைப் படியுங்கள்

டிராப் டவரில், அதாவது சோதனைப் பெட்டியை விழவிட்டு எடையின்மையை உண்டாக்கும் கோபுரத்தில், உங்களுக்குக் கிடைப்பது சொற்ப நேரம். ஜெர்மனியின் பிரெமனில் பெட்டியை மேலிருந்து விட்டால் 4.74 வினாடி; கீழிருந்து எறிந்தால் 9 வினாடிக்குக் கொஞ்சம் மேல். தரையில், ஆட்டாமல் விட்டால், குமிழி மேலே ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எடை போய்விட்டால் அதிர்வும் பரப்பு இழுவிசையும் பக்கத்துச் சுவரும்தான் அதை இழுத்துப் போகும். பல மாத உழைப்பு அந்த நாலு வினாடியில் வீணானதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தப்பு நடந்தது கோபுரத்தில் அல்ல, திரவம் நிரப்பிய மேஜையில்.

செய்ய வேண்டியவை

• திரவத்தில் கரைந்திருக்கும் காற்றை வேக்குவம் பம்ப் வைத்து எடுத்துவிடுங்கள். ஆட்டும்போது அழுத்தம் இறங்கும் இடத்தில் அது புதுக் குமிழியாகக் கிளம்பும்.

• செல்லை (திரவமும் குமிழியும் இருக்கும் சின்னப் பாத்திரத்தை) சாய்த்துப் பிடித்து, கீழ்முனையிலிருந்து மெதுவாக நிரப்புங்கள். நான் பார்த்த செல்லில், ஓ-ரிங் பள்ளத்தில் கடுகளவு காற்று ஒளிந்திருந்தது. ஆட்டம் தொடங்கியதும் வெளியே வந்து, அளந்து விட்ட குமிழியோடு சேர்ந்துகொண்டது. அளவு மாறினால் கணக்கு முழுக்க மாறும். டார்ச் அடித்து மூலை மூலையாகப் பாருங்கள்.

• முடிந்தவரை தண்ணீருக்குப் பதில் சிலிக்கோன் ஆயில் எடுங்கள். விரல் அழுக்கு பட்டாலே தண்ணீரின் பரப்பு இழுவிசை இறங்கிவிடும்.

• ஆக்சிலரோமீட்டரை செல்லிலேயே பொருத்துங்கள். ஷேக்கரில் (செல்லை ஆட்டும் கருவியில்) வைத்த எண் வேறு, செல் ஆடுவது வேறு.

• விழத் தொடங்கியதும் குமிழி உருண்டு அடங்கக் கொஞ்சம் நேரம் விட்டு ஷேக்கரை ஆன் செய்யுங்கள். மூடியில் தட்டையாக ஒட்டிக் கிடந்தது, எடை போனதும் துள்ளும்.

• கேமரா செல்லோடு ஆடுகிறதா, தனியாக நிற்கிறதா என்று எழுதிவையுங்கள். பாகுத்தன்மை குறைந்த திரவத்தில், சுவரைவிட்டுத் தள்ளி நிற்கும் சின்னக் குமிழி, செல் 1 மி.மீ. போனால் சுமார் 3 மி.மீ. போகும். செல்லோடு ஆடும் கேமராவில் 2 மி.மீ.தான் தெரியும்.

செய்யக்கூடாதவை

• தரையில் வந்த முடிவை அப்படியே நம்பாதீர்கள். தரையிலேயே செல்லை மேலும் கீழுமாகப் பலமாக ஆட்டினால் குமிழி கீழே இறங்கவும் கூடும்; அங்கே அதிர்வோடு எடையும் கலந்திருக்கிறது.

• குமிழிகள் இணைவதை ஆராய்ந்தால் தவிர, ஒன்றுக்கு மேல் விடாதீர்கள். ஒரே தாளத்தில் சுருங்கி விரியும் குமிழிகள் ஒன்றையொன்று இழுக்கும். பியெர்க்னெஸ் விசை என்பது இதுதான்.

• சூடாகும் விளக்கை ஒரு பக்கமாக ஒட்டி வைக்காதீர்கள். குமிழி சூடான பக்கம் நகரும். அதிர்வுதான் நகர்த்தியது என்று நினைத்துவிடுவீர்கள்.

• பரவளையப் பாதையில் பறந்து எடையின்மை தரும் விமானத்தில் 20 வினாடி கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டுத் தாவாதீர்கள். அங்கே புவியீர்ப்பில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு எச்சம் இருக்கும். மெல்லிய அதிர்வின் விளைவை அது மறைத்துவிடும்.

• கண்ணாடிச் செல்லை வெறும் பசையை நம்பி விடாதீர்கள். பிரெமனில் பெட்டி தெர்மகோல் மணித் தொட்டியில் வந்து விழும்போது 50 g (புவியீர்ப்பின் 50 மடங்கு) வரை அடி வாங்கும். ஆயில் கசிந்து கேமராவில் இறங்கினால், எடுத்த படமும் போய்விடும்.