முதுமையின் நலமும் உழைப்பின் கணக்கும்

முதுமையையும் நோயையும் ஒன்றாகவே எண்ணுவது நம்மிடையே உள்ள வழக்கம். வயது ஏறினால் உடல் தளரும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தளர்ச்சி எல்லோருக்கும் ஒரே வயதில், ஒரே அளவில் வருவதில்லை. கல் குவாரியில் உழைத்தவர் ஐம்பது வயதிலேயே மூச்சுத் திணறுகிறார். அதே ஊரில் எழுத்தராகப் பணியாற்றியவர் எழுபதிலும் நடந்து சென்று கடையில் பொருள் வாங்கி வருகிறார். இந்த வேறுபாட்டிற்கு உணவு, மரபு, மருத்துவ வசதி எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது, அவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகள் செய்த வேலையாகும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.38 கோடிப் பேர். அதாவது மொத்த மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்ந்தனர். இத்தொகை விரைந்து பெருகி வருவதால், முதியோர் நலம் குடும்பத்தின் கவலையாக மட்டும் இராமல் பொருளாதாரத் திட்டமிடலின் பகுதியாகவும் ஆகிவிட்டது.

உடலின் தேய்மானம்

தொழிற்சாலை ஒன்றின் கணக்கேட்டில் இயந்திரத்தின் தேய்மானத்திற்கென ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. பழைய இயந்திரம் பயனற்றுப் போகும்போது புதியது வாங்க இவ்வொதுக்கீடு உதவும். அந்த இயந்திரத்தை இயக்குபவரின் உடலும் தேய்கிறது. ஆனால் அத்தேய்மானத்திற்கு எந்தக் கணக்கேட்டிலும் ஒதுக்கீடு இல்லை. நாட்கூலி அன்றைய உணவிற்கும் வாடகைக்குமே போதுமானதாக இருந்தால், உடலின் தேய்மானச் செலவு பிற்காலத்திற்குத் தள்ளி வைக்கப்படுகிறது என்பதே பொருள். முதுமையில் அச்செலவைத் தொழிலாளியின் குடும்பமும் அரசு மருத்துவமனையும் ஏற்கின்றன. உற்பத்தியின் பயனைப் பெற்றவர் அதில் பங்கு கொள்வதில்லை.

காலம் தாழ்த்தி வரும் நோய்கள்

தொழில்சார் நோய்களின் முக்கிய இயல்பு அவை காலம் தாழ்த்தி வெளிப்படுவதாகும். சிலிகோசிஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பாறையைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிய சிலிகாத் தூசு நுரையீரலின் காற்றறைகளில் படிந்து தழும்பை உண்டாக்குகிறது. பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூசில் உழைத்த பிறகே நோய் தெரிகிறது. வேலையை விட்ட பின்னரும் அது வளரக்கூடும். அதனை முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை.

கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோய் பரவியிருந்தது 1940களிலேயே மருத்துவ ஆய்வுகளால் வெளிப்பட்டது. பின்னர், ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதியில் பலகைக்குச்சி செய்வோரிடையேயும், குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல் பட்டை தீட்டுவோரிடையேயும் இந்நோயை ஆராய்ந்தது. கம்பாத்தில் இத்தொழில் பெரும்பாலும் வீடுகளிலேயே நடைபெறுவதால், கல்லைத் தொடாத குடும்பத்தினரும் தூசைச் சுவாசிக்க நேர்கிறது.

சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். இரண்டின் அறிகுறிகளும் ஒத்திருப்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவதும் உண்டு. “என்ன வேலை செய்தீர்கள்? எத்தனை ஆண்டுகள்?” என்று மருத்துவமனையில் கேட்டுப் பதிவு செய்யாவிடில், நோயாளி காசநோய்க்கு மட்டுமே மருந்து பெற்றுத் திரும்புவார். இதனால் சிகிச்சையோடு இழப்பீட்டு உரிமையும் அவர் கையை விட்டுப் போகிறது.

பஞ்சாலையின் பருத்தித் தூசு, தறிக்கூடத்தின் இரைச்சல், சுமை தூக்குவதால் தேயும் முதுகெலும்பு, நாற்று நடவில் நாள் முழுதும் குனிந்து நிற்றல், விறகடுப்பின் புகை ஆகியவையும் இவ்வாறே பிற்காலத்தில் கணக்குத் தீர்க்கின்றன. பெண்களின் நிலை இதில் இரட்டைச் சுமையுடையது. வயலிலோ பீடி சுற்றுவதிலோ உழைத்த நேரத்திற்கு மேல் வீட்டு வேலையும் உண்டு. அதற்குக் கூலியும் இல்லை, ஓய்வு வயதும் இல்லை.

ஓய்வு யாருக்கு?

மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1998இல் 58லிருந்து 60ஆக உயர்த்தப்பட்டது. அவ்வயதில் அவருக்கு ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் உறுதி. ஆனால் நாட்டின் உழைப்பாளருள் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் துறையினர். அவர்களுக்கு ஓய்வு என்பது ஒரு நாளில் கிடைக்கும் உரிமையன்று. உடல் மறுக்கும்போது நேரும் வேலையிழப்பாகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கிராமங்களில் 60 வயதைக் கடந்த ஆண்களுள் 66 விழுக்காட்டினரும் பெண்களுள் 28 விழுக்காட்டினரும் வேலை செய்துவந்தனர். நகரங்களில் இவ்விகிதம் ஆண்களிடையே 46, பெண்களிடையே 11 மட்டுமே.

முதுமையில் வேலை செய்வது தன்னளவில் தீங்கன்று என்பதையும் கூற வேண்டும். தாங்கக்கூடிய வேலை வருமானத்தோடு மதிப்பையும், நால்வரோடு பழகும் வாய்ப்பையும், நாளுக்கு ஓர் ஒழுங்கையும் தருகிறது. ஓய்வுக்குப் பின் இவற்றை இழந்து மனச்சோர்வடையும் அலுவலர்களும் உண்டு. ஆகவே விரும்பி உழைப்பதற்கும் வேறு வழியின்றி உழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டையே நாம் நோக்க வேண்டும்.

வருமானப் பாதுகாப்பு

ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995இல் தொடங்கியது. ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது இதன் கணக்கு முறை. 2014இல் சம்பள வரம்பு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளத்தில் பத்தாண்டு பணி புரிந்தவருக்கு மாதம் ஏறத்தாழ 2,143 ரூபாய் கிடைக்கும். ஒன்பது ஆண்டுகளோடு வேலை நின்றவருக்கு மாத ஓய்வூதியம் இல்லை. அடிக்கடி வேலை மாறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓர் ஆண்டின் பதிவு விடுபடுவது எத்தனை பெரிய இழப்பு என்பது இதனால் விளங்கும்.

1995இல் தொடங்கிய தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் வயது வரம்பு 2011இல் 65லிருந்து 60ஆகக் குறைக்கப்பட்டது. இதில் 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு 70 வயதைக் கடந்த அனைவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் ஐம்பதில் நுரையீரல் கெட்ட குவாரித் தொழிலாளி எழுபதை எட்டுவாரா என்பதே வினா.

செய்ய வேண்டுவன

முதலாவது, நோயை முன்கூட்டியே காணுதல். தொழிற்சாலைச் சட்டம், சுரங்கச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒருங்கிணைத்த 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 40 வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்பது அப்போது அறிவிக்கப்பட்ட பயன்களுள் ஒன்று. சிறு பட்டறைகளிலும் வீடுகளிலும் உழைப்போரை இதுபோன்ற ஏற்பாடு எட்டுவது எளிதன்று. அங்கு ஆரம்ப சுகாதார நிலையமே இப்பணியை ஏற்க வேண்டும்.

இரண்டாவது, தூசைத் தோன்றும் இடத்திலேயே தடுத்தல். நீர் தெளித்துத் துளையிடுவதும் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவதும் நெடுங்காலமாக அறியப்பட்ட எளிய முறைகள். முகமூடி வழங்குவது இவற்றிற்கு ஈடாகாது.

மூன்றாவது, வேலைப் பதிவு. 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் தம் தொழிலைக் குறிப்பிட்டுப் பதிந்துள்ளனர். எந்த வேலை, எங்கு, எத்தனை ஆண்டு என்ற விவரங்களை அவ்வப்போது புதுப்பித்து மருத்துவக் குறிப்பேட்டுடன் இணைத்தால், அதுவே பிற்காலத்தில் நோய்க்கும் உரிமைக்கும் சான்றாகும். 2019இல் ராஜஸ்தான் அரசு வகுத்த கொள்கை, சிலிகோசிஸ் என மருத்துவக் குழு சான்றளித்தவருக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாயும் வழங்க வகை செய்தது. வேலையையும் நோயையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் நிர்வாகத்தால் என்ன இயலும் என்பதற்கு இது சான்று.

முதியோர் நலத் திட்டங்கள் அறுபதாவது வயதில் தொடங்குகின்றன. முதியவரின் உடல்நிலையோ அதற்கு வெகு முன்பே பணியிடத்தில் முடிவு செய்யப்பட்டு விடுகிறது. ஆய்வாளர் வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போதும், மருத்துவர் நோயாளியின் தொழிலைக் கேட்டெழுதும்போதும், அலுவலர் சேமநிதிக் கணக்கில் விடுபட்ட ஆண்டைச் சேர்க்கும்போதும் ஒருவரின் முதுமைக்கே பாதுகாப்பு அளிக்கின்றனர். சிறியதாகத் தோன்றும் இப்பணிகளை உரிய காலத்தில் செய்து முடிப்பது நிர்வாகத்தின் கடமையாகும்.