தடை போட்டால் குணம் வருமா?

கேள்வி: ராணுவப் பயிற்சி மாணவர்களுக்கு மதுவைத் தடை செய்தால் நல்லொழுக்கம் வளருமா?

பதில்: தடையால் மட்டும் வளராது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் தலைமை அதிகாரி சில்வேனஸ் தேயர் மதுவை அடியோடு தடுத்திருந்தார். 1826 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, மாணவர்கள் விஸ்கியைக் கடத்தி வந்து, முட்டையும் பாலும் சேர்ந்த ‘எக்நாக்’ பானத்தில் கலந்து குடித்தார்கள். விடிவதற்குள் விடுதி ஜன்னல்கள் நொறுங்கின. தட்டிக்கேட்ட அதிகாரிகள் மீதே பாய்ந்தார்கள். பல மாணவர்கள் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள். பின்னாளில் புகழ்பெற்ற தளபதியான ராபர்ட் ஈ. லீயும் அப்போது அங்கேதான் படித்தார். அவருக்கும் அதே விதிதான்; ஆனால் அவர் அந்தக் கூத்தில் சேரவில்லை.

ஆனாலும் தடை வேண்டும் என்பேன். இளம் வயதில் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறோமே! ஆனால் அதே விதி அதிகாரிகளுக்கும் இருக்கட்டும். மாலையில் மெஸ்ஸில் அவர்கள் குடிப்பதைப் பையன்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.